உப்பைத் தனியே வை

பசுமையாக வாழ வழி சொல்லும் புத்தகங்களில் பல, நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ள ஊர்களில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. காய்கறித் தோலை உரமாக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடு, தேங்காய் நார்த்தூளைத் தொட்டியில் போடு என்று அவை சொல்வதெல்லாம் கோயம்புத்தூருக்குச் சரி. தூத்துக்குடியில் அதையே அப்படியே செய்து பாருங்கள். கொஞ்ச நாளில் தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். இலை நுனி காய்ந்து சுருளும். "நம்ம கைக்குச் செடி வராது" என்று சொல்லிக்கொண்டு, ஆசையாக ஆரம்பித்தவர் ஒதுங்கிவிடுவார். கையில் ஒரு குறையும் இல்லை. குறை உப்பில்.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்து உப்பளங்களில் விளைகிறது. கிழக்கே கடல், ஊரைச் சுற்றி அளம், ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர், சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, அடுப்படியில் கருவாடு. இப்படிப்பட்ட வீட்டில் எந்தப் பொருளை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் உப்பு ஏறியிருக்கிறதா, இனி ஏறுமா? ஏறியது மண்ணுக்குப் போகக்கூடாது. இனி ஏறும் என்றால் இரும்பு கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் இந்த இரண்டு வரியின் விரிவுதான்.

ஒரே வீட்டில் பல தண்ணீர்

நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் ஒரே தண்ணீர் அல்ல. மாநகராட்சிக் குழாயில் வருவது வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். 1920-களில் நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அந்தத் திட்டத்தைக் கொண்டுவரும் வரை, கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே குடிக்கத் தண்ணீருக்கு அலைந்த ஊர் இது. குழாய்த் தண்ணீர் போக போரிங் தண்ணீர், லாரித் தண்ணீர், மழைத் தண்ணீர், ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர், ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் உப்பு வேறு. நாக்கு ஓரளவுக்குத்தான் சொல்லும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் வாங்கச் சொல்லும் பொருள்களில் முதலாவது அதுதான்.

மீட்டர் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது? பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் கணக்கு எளிமையானது. லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். 450 முதல் 2,000 வரை செடியைப் பார்த்து ஊற்ற வேண்டும். 2,000-க்கு மேல் போனால் சாதாரணச் செடிகளுக்குக் கூடாது. குடிநீருக்கு இந்தியத் தர நிறுவனம் விரும்பும் அளவு 500. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடல்நீரில் ஏறத்தாழ 35,000 இருக்கும். இந்த எண்களை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் பாதி வாக்குவாதம் குறையும்.

குழாய்த் தண்ணீர் 500-க்குக் கீழே காட்டினால் அதற்கு ஆர்.ஓ. தேவையில்லை, காய்ச்சி ஆறவைத்துக் குடித்தால் போதும். விற்பனைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஆர்.ஓ. வைத்தே தீர வேண்டிய வீடுகளில் அது ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைக் கழிக்கிறது. நீக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றச் சொல்லும் அறிவுரையை அடிக்கடி பார்க்கிறேன். நம் ஊருக்கு அது ஆகாது. கழிப்பறைக்கு ஊற்றுங்கள், வாசல் தெளியுங்கள், மிதியடி அலசுங்கள்.

இதற்கு நேர் எதிர் ஏ.சி. தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டும் தண்ணீர் அது. உப்பு கிட்டத்தட்ட இல்லை. புழுக்கம் அதிகமான ஊர் என்பதால் ஒரு இரவுக்கு வாளி நிறையக் கிடைக்கும். பெரும்பாலான வீடுகளில் அது தெருச் சுவரில் பாசி வளர்ப்பதற்குத்தான் பயன்படுகிறது. குழாய் முனையில் ஒரு கேன் வைத்துப் பிடித்து, உப்புப் பூத்த தொட்டிகளைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியாக முழுதும் வெளியேற விட்டால் மண்ணில் சேர்ந்த உப்பு கரைந்து போகும். மாதம் ஒரு தடவை செய்யலாம். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டில் தேங்கிய உப்புத் தண்ணீரை மண் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

துணி துவைத்த தண்ணீரில் முதல் தண்ணீர் சாக்கடைக்கு. சோப்புத்தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். கடைசி அலசல் தண்ணீர் தென்னைக்குப் போகலாம். தென்னை ஓரளவு உப்பைப் பொறுக்கும், வாழை பொறுக்காது. காய்கறியில் பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்புக்கு முகம் சுளிப்பவை. பீட்ரூட் தாங்கும். பழமரம் வேண்டும் என்றால் சப்போட்டா வையுங்கள். அளத்து ஓரத்தில் தானாக முளைக்கும் உமரிக்கீரையை யாரும் தொட்டியில் வளர்க்கச் சொல்வதில்லை. உப்பிலேயே பிறந்த கீரை அது, சமைக்கும்போது உப்புப் போடாமல் ருசி பார்க்க வேண்டும்.

மழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில். மாடியில் விழும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். மாதக்கணக்காகக் கச்சான் காற்று கொண்டுவந்து சேர்த்த தூசியும் உப்பும் அதில்தான் கரைந்து வரும். அடுத்த மழையிலிருந்து தொட்டியில் பிடிக்கலாம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது தோண்டிய குழி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. புரட்டாசியில் அதைத் தூர் வாரினால் போதும், புதிதாகச் செலவு ஒன்றும் இல்லை. நல்ல நீர் உவர்நீரைவிட லேசானது. அதனால் குழியில் இறங்கும் மழைநீர் உவரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் வாய்க்கு நல்லதாகும்.

மீன் வாங்கிய நாள்

எங்கள் வீட்டில் அத்தை மீன் கழுவுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. மூன்று தண்ணீர். முதல் தண்ணீரில் கடல் உப்பும் ஐஸ் தண்ணீரும் போகும், அது சாக்கடைக்கு. மஞ்சளும் உப்பும் போட்டு உரசுகிற இரண்டாவது தண்ணீரும் அதற்குத்தான். கடைசியாக வெறுந்தண்ணீரில் அலசியது மட்டும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை சொன்னது இது: "ஏட்டி, கருவாடு ஊறுன தண்ணிய மட்டும் செடிப்பக்கம் கொண்டு போயிராத. வேர் அவிஞ்சு போவும்." ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவர்களுக்கு அது கேள்வியே இல்லை.

செவுள், குடல், செதில், தலையில் வேண்டாத பகுதி எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் மீனுக்கே கால் கிலோ கழிவு வரும். குப்பை வண்டி வருவதற்குள் வாடை தெருவைத் தூக்கும். இதை மீன் அமிலமாக மாற்றலாம். நம்மாழ்வார் வழியில் வந்த இயற்கை விவசாயிகள் பரவலாகச் செய்யும் முறைதான். கழிவை நல்ல தண்ணீரில் நன்றாக அலசி நறுக்குங்கள். அதே எடை வெல்லத்தைப் பொடித்துச் சேருங்கள். உடன்குடிக் கருப்பட்டியை இதற்குப் போட்டு வீணாக்க வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அது காபிக்கு. கடையில் கிடைக்கும் மலிவான கறுத்த வெல்லமே போதும். வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடியில் முக்கால் அளவுக்கு நிரப்பி, மூடியை இறுக்காமல் நிழலில் வையுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. மூன்று வாரம் ஆனால் எலும்பு முள் தவிர மற்றதெல்லாம் கரைந்து, பழவாசனையோடு தேன்போல ஒழுகும். வாடை அழுகலாக இருந்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சேருங்கள். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து காலையிலோ மாலையிலோ தெளிக்கலாம். ஜாடியைப் பூனை உருட்டாத உயரத்தில் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

கருவாட்டுக் கழிவை மட்டும் இதில் போடாதீர்கள். எத்தனை தடவை அலசினாலும் அதன் உப்பு போகாது. ஊறுகாய், மிஞ்சிய குழம்பு, உப்புக்கண்டம் இவற்றுக்கும் அதே விதி. இவை மாநகராட்சியின் ஈரக் குப்பைக்குப் போகட்டும்.

இறால் தோட்டையும் தலையையும் உடனே எறியாதீர்கள். ஒரு கொதி விட்டு வடிகட்டினால் குழம்புக்கு நல்ல சாறு. அப்புறம் மிஞ்சும் தோட்டை இரண்டு தண்ணீரில் அலசி, வெயிலில் முறுக உலர்த்தி, இடித்துத் தொட்டிக்குப் போடலாம். நண்டு ஓடும் அப்படித்தான். இவற்றில் உள்ள கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகினால் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும். கணவாய் ஓட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று காசுக்கு விற்கிறார்கள். வீட்டில் கோழி வளர்த்தால் அதை ஊறவைத்துக் காயவைத்து உடைத்துத் தீவனத்தில் கலந்து கொடுங்கள், முட்டை ஓடு கெட்டியாகும்.

மீன் வாங்கப் போகும்போது மூடி உள்ள தூக்குவாளி ஒன்று, காய்க்கு மஞ்சப்பை ஒன்று. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்கிற்குத் தடை இருக்கிறது. ஆனாலும் மீன் கடையில் கறுப்பு கேரி பை ஓய்ந்தபாடில்லை. ஈரச் சரக்குக்கு வேறு என்ன தருவது என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. பாத்திரம் நீட்டினால் அவர்களுக்கும் பை காசு மிச்சம். எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அக்கா என் தூக்கைப் பார்த்தால் இரண்டு சாளை கூடவே போடுவார்.

துறைமுகம் தள்ளிவிடும் பொருள்கள்

பெரிய துறைமுகம் உள்ள ஊரில் பழைய பொருளுக்குப் பஞ்சமே கிடையாது. பேலட் கட்டை, நீலப் பேரல், ஜம்போ பை, வடக்கயிறு, தெர்மக்கோல் பெட்டி, கிழிந்த வலை. வேறு ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு இங்கே எடைக்குக் கிடைக்கும். ஆனால் எது எங்கிருந்து வந்தது, அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வீட்டுக்குள் ஏற்றக் கூடாது.

பேலட் கட்டையில் செருப்பு ஸ்டாண்டு, அலமாரி, திண்ணைப் பலகை செய்யலாம். வாங்குமுன் கட்டையின் பக்கவாட்டில் சூடுபோட்ட முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர்போன்ற ஒரு சின்னமும் பக்கத்தில் சில எழுத்துகளும் இருக்கும். மரத்தோடு பூச்சி நாடுவிட்டு நாடு போகாமல் இருக்க எல்லா நாடுகளும் சேர்ந்து வைத்த முறை அது. எழுத்துகளில் எச்.டி. என்று இருந்தால், கட்டையின் உட்பகுதி 56 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் இருக்கும்படி சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள், பயமில்லாமல் வாங்கலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், விறகாக்கவும் வேண்டாம். முத்திரையே இல்லாத கட்டையில் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நீலப் பேரலுக்கும் இதே எச்சரிக்கை. கடைக்காரர் "கழுவிட்டோம்மா, பளபளன்னு இருக்கு பாருங்க" என்பார். ரசாயனம் இருந்த பிளாஸ்டிக் அந்த ரசாயனத்தைத் தன்னுள் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும், கழுவினால் போகாது. உணவுப்பொருள் வந்த பேரல் என்று லேபிளோடு தெரிந்தால் மழைநீர் பிடிக்க வாங்குங்கள். லேபிள் கிழித்த பேரல் வீடு கட்டும் இடத்தில் சிமெண்ட் வேலைக்கு ஆகும், வீட்டுத் தண்ணீருக்கு ஆகாது.

பழைய வலை நம் கடற்கரை வீடுகளில் நெடுங்காலமாக மறுபிறவி எடுத்துவருகிறது. கருவாட்டைக் காகத்திடமிருந்து காக்க, கோழிக்கூட்டுக்கு, வேலிக்கு, புடலைப் பந்தலுக்கு. இதில் ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். தங்கூசி வலையைத் தோட்டத்தில் கட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றை இழையில் அணிலும் சிட்டும் ஓணானும் மாட்டிச் சாகும். முறுக்கிய நைலானில் பெரிய கண் வலை எடுத்து, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினால் கொடியும் ஏறும், உயிரும் மாட்டாது. நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்த பிறகு கட்டுங்கள். வலையில் காய்ந்த உப்பு மழையில் கரைந்து நேராக வேருக்கு இறங்கும். கையால் பிய்த்தால் நொறுங்குகிற நிலை வந்ததும் காயலான் கடைக்கு. எக்காரணம் கொண்டும் கடலில் அல்ல. பவளப்பாறையில் சிக்கிய வலை அங்கேயே கிடந்து, ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

மீன் வரும் தெர்மக்கோல் பெட்டியில் கீரை வளர்க்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடியில் அதை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் பொரிந்து மணிமணியாக உதிர்ந்து, கச்சான் காற்றில் எல்லாம் கடலுக்குப் போகும். வீட்டுக்குள் நிழலில் ஐஸ் வைக்க, மார்கழியில் மாவு புளிக்க வைக்க அது நல்ல பெட்டி. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய வள்ளத்துப் பலகையில் செய்த மேசையும் பெஞ்சும் இப்போது மதிப்பாகிவிட்டன. பார்க்க அழகுதான். அடிப்பலகையில் பூசும் சாயம் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க நஞ்சு கலந்து செய்வது. அதில் மிகக் கொடிய வகை 2008-ல் உலகம் முழுக்கத் தடையானது. அதற்கு முந்தைய பலகை எது என்று யார் கண்டார்? முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள், உணவு வைக்கும் மேசைக்கு மேல்தட்டுப் பலகையைக் கேட்டு வாங்குங்கள். பைபர் போர்த்திய பலகையை அடுப்பில் வைப்பது வீட்டில் உள்ளவர்களுக்கே கேடு.

ஓலை, காகிதம்

உப்புக்காற்றுக்குத் துருப் பிடிக்காத பொருள் எது என்று தேடினால் கடைசியில் பனையடியில் வந்து நிற்போம். கொட்டான், சுளகு, கடகம், நார்க்கட்டில் எல்லாம் இந்தக் காற்றுக்காகவே செய்தவைபோல. மணப்பாட்டில் பெண்கள் முடையும் ஓலைப் பெட்டிகள் இன்றும் வெளியூருக்குப் போகின்றன. ஓலைப் பெட்டி ஓரம் கிழிந்தால் எறிவதற்கு முன் காகிதக்கூழ் பூசிப் பாருங்கள்.

பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் மசிய இடிக்கலாம். உரல் இல்லாத வீட்டில் கிரைண்டர். வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பசை கொஞ்சம் சேர்த்தால் பிடிப்பு வரும். பெட்டியின் மேல் விரல் கனத்துக்குப் பூசி, சித்திரை வெயிலில் நாலைந்து நாள் காயவைத்தால் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகிவிடும். அத்தை வீட்டில் இப்படிச் செய்த ஒரு பெட்டி, ஓலை முழுக்க மட்கிய பிறகும் கூழ் மட்டுமே பெட்டியாக நின்று பூண்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஐப்பசியில் வேலையைத் தொடங்காதீர்கள். காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

தென்னை நார்த்தூள் பற்றி ஒரு வார்த்தை. கடலோரத்தில் மட்டையை உவர்நீரில் ஊறவைத்து நார் உரிக்கும் வழக்கம் உண்டு, அதனால் தூளில் உப்பு ஏறியிருக்கும். வாங்கியதும் நல்ல தண்ணீரில் போட்டுப் பிழிந்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். எண் இறங்கும் வரை அலசிய பிறகே மண்ணோடு கலக்கலாம்.

சுவரும் தீவும்

பழைய தெருக்களில் சில வீட்டுச் சுவர்களை உடைத்தால் உள்ளே முருகைக்கல், அதாவது பவளக்கல், தெரியும். கடலிலிருந்து பெயர்த்து வந்து சுவரும் வைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. அதற்கு முருகைக்கல் வெட்டியெடுத்ததே பெருங்காரணம். நம் ஊருக்கு நேரே உள்ள வான்தீவும் கரைந்துகொண்டே வந்தது. சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. மீன்தொட்டிக்கோ ஷோகேசுக்கோ ஒரு துண்டு எடுத்து வருவதும் குற்றம்.

உங்கள் வீடு அப்படிப்பட்ட பழைய வீடு என்றால் இடிக்கும்போது கல்லைக் குப்பையில் சேர்க்காமல் அஸ்திவார நிரப்பலுக்கு வையுங்கள். இடிக்காமல் பழுதுபார்த்தால் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். சுவருக்குள் உள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வரப் பார்க்கும், சுண்ணாம்பு அதற்கு வழி விடும். சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் உப்பு உள்ளே பொருமி, இரண்டு மழைக்குப் பிறகு பூச்சு ஏடு ஏடாகக் கழன்று விழும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் பாரிலிருந்து முதலில் கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார்கள். முதிரவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. இப்படி ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த பாரும் உண்டு. கடைசிக் குளிப்பு 1961-ல். அப்படி அளந்து எடுத்தும் சிப்பி திரும்பவில்லை. கடற்கரைக்குப் போகும் பிள்ளைகள் பை நிறையச் சிப்பி பொறுக்கி வருவதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். கரையில் ஒதுங்கிய வெற்று ஓட்டில் சந்நியாசி நண்டு குடியேறக் காத்திருக்கும். கையளவு போதும் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

வாங்குவதற்கு முன்

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவிலும் வீடுகளுக்குள் தண்ணீர். வடிந்த பிறகு தெருவில் குவிந்த பொருள்களைப் பார்த்தாலே, எதை வாங்கலாம் எதை வாங்கக்கூடாது என்று ஒரு பட்டியல் கிடைத்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் ஊதி வெடித்திருந்தன, ஒன்றுகூடத் திரும்ப எடுக்க முடியவில்லை. போம் மெத்தை தண்ணீரை விடவே இல்லை. இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சைக் காயவைத்து, அடித்து, புது உறையில் அடைத்துக்கொண்டார்கள். பித்தளைக்குப் புளி போட்டால் தீர்ந்தது. பூவரசு, வேம்புக் கட்டில்கள் வெயிலில் கிடந்து மறுபடி வீட்டுக்குள் போயின. இரும்புப் பீரோவின் கதை அந்த வாரம் தெரியவில்லை. ஆறு மாதத்தில் அடித்தகடு உதிர்ந்தது.

ஆகவே கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது மறுபயன்பாட்டை அங்கேயே தீர்மானிக்க வேண்டும். இது பிரித்துக் கழுவி மறுபடி பூட்டக்கூடியதா? திருகாணி போட்டதா, பசை ஒட்டியதா? வெளிப்புறக் கம்பிக்கும் துணிக்கொடிக்கும் ஸ்டீல் வாங்கினால் 316 வகை கேளுங்கள். சாதாரண 304 கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். விலை கூடுதல்தான், ஒரு தடவையோடு முடியும். அரிவாள்மணை, அருவாள், கோடரி வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் தலைமுறைக்கு வரும்.

வீட்டுக் குப்பையைப் பிரித்தால் ஊரின் காற்றும் நிலத்தடி நீரும் தேறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2018 மே மாதம் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல வாய் வராது. ஆலை செய்ய வேண்டியதை ஆலை செய்ய வேண்டும். இது அடுப்படி அளவுக்கான புத்தகம்.

கடைசியாக, சேர்த்துவைப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். என்றாவது உதவும் என்று பரணில் போட்ட இரும்பு இங்கே உதவாது. உப்புக்காற்று அதை நாளுக்கு நாள் தின்றுகொண்டே இருக்கும், எடையும் குறையும், விலையும் குறையும். பனிமய மாதா கோயில் கொடியேறுவது ஜூலை 26. அந்தத் திருவிழாவை ஒட்டி இந்த ஊரில் பல வீடுகள் வெள்ளையடிப்பதும் தட்டி ஒதுக்குவதும் வழக்கம். பரணை அப்போது இறக்குங்கள். ஓராண்டாகத் தொடாத இரும்பு, அலுமினியம், வயர் எல்லாம் காயலான் கடைக்கு. கிழிந்த பருத்தித் துணியைப் பொத்தான் நீக்கி மூட்டை கட்டினால் படகுப் பட்டறையிலும் மெக்கானிக் கடையிலும் பனியன் வேஸ்டுக்குப் பதிலாக வாங்கிக்கொள்வார்கள். நைலான் சேலை எண்ணெயை உறிஞ்சாது, அதை மூட்டையில் சேர்த்தால் திரும்பி வரும். பேட்டரி, டியூப்லைட், காலாவதி மருந்து மூன்றையும் தனி டப்பாவில் போட்டுத் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். பித்தளையும் இரும்பும் ஒரே சாக்கில் இருந்தால் இரும்பு விலைக்குப் போட்டுவிடுவார்கள். வீட்டிலேயே பிரித்து, தராசில் வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.